அக்கா தரையில் உட்கார்ந்த நாள்

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களுக்கும், இன்று விடியும் முன்பே மலையிலிருந்து புறப்பட்டு நடந்து வந்திருக்கும் சொந்தங்களுக்கும் என் வணக்கம்.

அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்றபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வாய் உலர்ந்துவிடும். அக்காவுடன் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது எழுதட்டும் என்றேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "பதினேழு வருஷம் ஜீப் ஓட்டினது நீங்கதானே? அவங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள். அதனால் ஜீப்பின் வலது பக்கத்திலிருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். விட்டுப்போனதை, தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊரில். அப்பா வேர்க்கடலை விவசாயம் செய்தார். நாங்கள் இரண்டே பேர். அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா எனக்கு நாலு வயதாகும்போது காலமானார். காய்ச்சல் என்று ஐந்து நாள் படுத்திருந்தார். ஆறாவது நாள் மாட்டுவண்டியில் வேலூருக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் பிரிந்தது. அந்த வண்டியில் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் அக்கா. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் வண்டி கிடைக்கத் தாமதமாகிறது என்று யாராவது சொன்னால் அக்காவின் முகம் மாறிவிடும்.

டாக்டருக்குப் படிக்க விண்ணப்பம் போட்டபோது முதல் வருடம் இடம் கிடைக்கவில்லை. அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். அக்கா ஒரு வருடம் அவகாசம் கேட்டார். அடுத்த வருடம் மதராஸில் இடம் கிடைத்தது. கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது, பிறகு எழவே இல்லை. "நேரம் இல்லடா" என்பார். உண்மையாகவே நேரம் இருந்ததில்லை.

படிப்பு முடிந்ததும் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. மூன்று வருடம் இருந்தார். பிறகு திடீரென்று ஒருநாள் வந்து, ஆலங்காயத்தில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைக்கப்போகிறேன் என்றார். அப்பாவுக்குக் கோபம். "பொம்பள டாக்டர் தனியா ஆஸ்பத்திரி வெச்சா யார் வருவா?" என்றார். அக்கா, "பொம்பளைங்க வருவாங்கப்பா" என்று மட்டும் சொன்னார். அப்படியே வந்தார்கள். இரண்டு அறையில் தொடங்கியது நாலு வருடத்தில் மாடியோடு பிரசவ ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ராணுவத்தில் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றை வாங்கி, அதைச் சரிசெய்து ஓட்டும் வேலையை அக்கா எனக்குக் கொடுத்தார்.

அக்காவை எல்லோரும் சாந்தமானவர் என்று நினைத்திருப்பீர்கள். ஜீப்பில் அப்படி இல்லை. நான் கியர் மாற்றினால் குறை, மாற்றாவிட்டாலும் குறை. சுக்கு போட்ட டீயை நிறுத்தாமல் குடிப்பார். ஏற்றத்தில் தூங்கிவிடுவார், குறட்டையும் உண்டு. இறக்கத்தில் விழித்துக்கொண்டு, "நான் தூங்கவே இல்ல" என்பார். அவர் எழுதிய சீட்டை ஊரில் ஒரே ஒரு மருந்துக்கடைக்காரரால்தான் படிக்க முடியும்.

ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு மலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஆனால் எல்லாம் முற்றிப்போன பிறகுதான் வருவார்கள். மூங்கில் கழியில் துணியைத் தூளியாகக் கட்டி, அதில் நோயாளியை வைத்து, இரண்டு பேர் முன்னும் பின்னும் தோளில் சுமந்து, காடு மேடெல்லாம் இறங்கி வந்து சேர ஒரு பகல் ஆகிவிடும். சிலர் வாசலுக்கு வரும்போதே முடிந்திருக்கும். அப்படி ஒரு தூளி திரும்பிப் போனதைப் பார்த்த அன்றுதான் அக்கா என்னிடம், "தம்பி, அவங்க எறங்கி வரக்கூடாது. நாம ஏறிப் போவணும்" என்றார்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் சாமைக்காடு என்ற ஊரில் இடம் கொடுத்தார்கள். கல்சுவர், ஓட்டுக்கூரை, நீளமாக ஒரே ஹால், முன்னால் வராந்தா. கீழே ஆலங்காயத்தில் வருகிற வருமானத்தில் மேலே அது நடக்க வேண்டும் என்பது அக்காவின் திட்டம். மருந்தையும் சாமானையும் எப்படி மேலே ஏற்றுவது என்பதுதான் பெரிய பிரச்சினை. ஜீப்பில் எவ்வளவு கொள்ளும்? அதற்கு அக்கா பிடித்த ஆள் வாணியம்பாடியில் புளி மண்டி வைத்திருந்த பாய். மலைப் புளியை ஏற்றிவர அவருடைய லாரிதான் போகும். மண்டிக்கே போய் அக்கா பேசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"பாய், உங்க லாரி மேல போறப்ப சும்மாதானே போவுது?"

"சும்மா எங்கம்மா போவுது? காத்து ஏத்தினு போவுது."

"அந்தக் காத்த எறக்கிட்டு என் பெட்டிங்கள ஏத்துங்க."

பாய் சிரித்துவிட்டார். "பெட்டியோட டாக்டரும் ஏறுவீங்களா? டிரைவருங்க பீடி புடிக்க முடியாதே, பாவம்."

"புடிக்கட்டும். அப்புறம் இருமல்னு எங்கிட்டதானே வரணும்?"

மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அக்கா வைத்தியம் பார்ப்பது, அதற்குப் பதிலாக லாரியில் எப்போதும் அக்காவின் சாமானுக்கு இடம் கொடுப்பது என்று வாய்ப்பேச்சாக முடிவானது. பாய் தன் பேச்சை இன்றுவரை மீறவில்லை. மண் ரோடு முடிகிற இடம்வரை லாரி, அதற்கு மேல் தலைச்சுமை.

அந்த லாரியில் முதலில் ஏறியது மருந்து இல்லை, கட்டில்கள்தான். எட்டு இரும்புக் கட்டில்கள். வேலூரில் சொல்லிச் செய்து, வெள்ளை பெயிண்ட் அடித்து வாங்கியவை. வேலூர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு இருக்கிற வசதி சாமைக்காட்டிலும் இருக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. ஹாலில் எட்டையும் வரிசையாகப் போட்டு, மெத்தை விரித்து, வெள்ளை உறையை அக்காவே இழுத்து இழுத்துச் செருகினார். திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. எல்லோரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. பொங்கல் கொடுத்தோம், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு ஐந்து மாதம் அந்தக் கட்டில்களில் ஒருவரும் படுக்கவில்லை.

மருந்து வாங்க வந்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார்கள். வராந்தாவிலேயே எல்லாம் முடித்துக்கொள்வார்கள். "உள்ள படுங்க, நாளைக்குப் போலாம்" என்றால், "ஆடு தனியா கீதும்மா", "சாமை காயப் போட்டிருக்குது" என்று ஏதாவது சொல்லி நழுவிவிடுவார்கள். அது எமர்ஜென்சி நேரம். கீழே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்கிறார்கள் என்ற பேச்சு மலைவரை போயிருந்தது. படுத்தால் ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். அக்கா ஒவ்வொரு ஊராக நடந்து, "நான் அந்த ஆபரேஷன் பண்ற டாக்டர் இல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவர்களும் தலையாட்டினார்கள். வந்து வராந்தாவில்தான் உட்கார்ந்தார்கள்.

இரண்டு பிரசவங்கள் அந்த மாதங்களில் வீட்டிலேயே நடந்து கெட்டுப்போயின. ஒன்றில் தாய், ஒன்றில் பிள்ளை. இரண்டும் சாமைக்காட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தவை. அக்கா சோர்ந்துபோய்விட்டார். திரும்பும்போது ஜீப்பில், "மழை முடியட்டும் தம்பி. அதுக்குள்ள ஒருத்தரும் வரலன்னா மூடிட்டு வந்துடலாம்" என்றார். அன்று ஏற்றத்திலும் அவர் தூங்கவில்லை, இறக்கத்திலும் தூங்கவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு காலை. தூறிக்கொண்டிருந்தது. தூரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தூளி வந்தது. உள்ளே வெள்ளச்சி என்ற பெண். முதல் பிரசவம். வலி எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. முன்பக்கம் தோள் கொடுத்து வந்தவர் அவளுடைய கணவர் சடையன். கூடவே நடந்து வந்தவர் மாமியார் குப்பம்மா. தூளியை வராந்தாவில் இறக்கினார்கள். அக்கா தொட்டுப் பார்த்தார். பிள்ளையின் கால் முன்னால் வந்திருந்தது.

"உள்ள தூக்கினு போங்க, கட்டில்ல போடுங்க. சீக்கிரம்!"

ஒருவரும் அசையவில்லை. சடையன் தன் தாயைப் பார்த்தார்.

"இங்கியே பாத்துடும்மா" என்றார் குப்பம்மா.

"இங்க எப்பிடிம்மா பாக்கறது? ஈரம், சேறு. உள்ள மெத்த போட்டு வெச்சிருக்கேன் இல்ல?"

அக்கா நேரத்தை வீணாக்கவில்லை. ஆலங்காயத்திலிருந்து எங்களோடு வந்திருந்த நர்ஸம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். நாங்கள் தூளியோடு வெள்ளச்சியை ஹாலுக்குள் தூக்கிப்போய், முதல் கட்டிலுக்கு மேலே உயர்த்தினோம். அப்போது குப்பம்மா பாய்ந்து வந்து தூளிக் கழியைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுங்க! எம்மருமவ இன்னும் சாவல!"

தூளியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம். வெள்ளச்சி முனகுவது மட்டும் கேட்டது.

"தூக்குடா சடையா. வூட்டுக்குப் போலாம். ஆவறது அங்கியே ஆவட்டும்."

சடையன் அழுதுகொண்டே கழிக்குத் தோள் கொடுக்க வந்துவிட்டார். திரும்ப அத்தனை தூரம் நடந்தால் வெள்ளச்சி பிழைக்க மாட்டாள் என்பது எனக்கே தெரிந்தது. அக்கா சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை.

"இன்னா சொன்னே? இன்னொரு வாட்டி சொல்லு" என்று மெதுவாகக் கேட்டார்.

குப்பம்மா தலையைக் குனிந்துகொண்டார். வாயால் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சடையன்தான் சொன்னார்: "எங்க நாட்ல செத்தவங்களத்தான் நாலு காலு நட்டு மேல வெப்பாங்கம்மா."

அந்தப் பக்கத்து ஊர்களில் யார் வீட்டிலும் கட்டில் கிடையாது. வசதியானவர்களும் தரையில்தான் படுப்பார்கள். ஒருவர் இறந்தால், முற்றத்தில் நாலு கவைக்கம்பு நட்டு, அதன்மேல் பாடையை வைத்து, வெள்ளைத் துணி போர்த்துவார்கள். உறவெல்லாம் வந்து பார்க்கும்வரை உடல் அங்கே இருக்கும். தூளி வேறு. அது பிள்ளை படுக்கிற இடம், அதில் தோஷம் இல்லை. நாலு கால் வைத்து ஒருவரை மேலே கிடத்தினால் அவர் போய்விட்டார் என்று அர்த்தம். நாங்களோ எட்டுக் கட்டிலுக்கும் நாலு நாலு கால் வைத்து, வெள்ளை விரித்து, வாங்க வாங்க என்று ஐந்து மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அக்கா அந்த வரிசையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு முதல் கட்டிலின் மெத்தையை இழுத்துத் தரையில் போட்டார். புடவையைச் செருகிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"குப்பம்மா, நான் கீழ உக்காந்துட்டேன். உம்மருமவள எங்கிட்ட எறக்கு."

குப்பம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கழியை விட்டார்.

நானும் சடையனும் வராந்தாவுக்கு வந்துவிட்டோம். வெந்நீர் வைப்பதுதான் என் வேலை. உள்ளேயிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. திட்டுகிற குரல் இல்லை, ஜீப்பில் நான் கேட்டே இராத குரல். "இன்னும் கொஞ்சம்டி கண்ணு... மூச்சு வுடு... அவ்ளோதான்." மதியம் ஆவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. முதலில் அழவில்லை. அந்தச் சிறிது நேரம் சடையன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அழுதது. அவர் பிடித்த இடம் மறுநாளும் வலித்தது.

சாயந்தரம் வெள்ளச்சி கஞ்சி குடித்த பிறகு, அக்கா குப்பம்மாவிடம் கேட்டார்.

"ஏம்மா, அஞ்சு மாசமா ஒருத்தராவது சொல்லக் கூடாதா?"

"எப்பிடிச் சொல்றது? நீ ஆசயா வாங்கினு வந்து வெச்சிருக்கே. உன் ஆஸ்பத்திரில நீ பாட கட்டி வெச்சிருக்கேன்னு உம்மூஞ்சிக்கு நேரா சொல்லவா?"

"சொல்லியிருக்கணும்."

"வெள்ளத் துணி வேற போட்டுட்டே. தொறப்பு விழா அன்னிக்கு எட்டிப் பாத்துட்டு, எட்டுப் பேர் யாரோன்னு எங்கூட்டுக்காரரு அன்னிக்கே பயந்துட்டாரு."

அக்கா சிரித்தார். குப்பம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அக்கா கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அந்த இரண்டு பிரசவங்களும் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரும்பும் வழியில், "அவங்கள பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன். கேக்கத் தெரியாதவ நான்தான்" என்றார். அதன் பிறகு அந்த இரண்டு குடும்பங்களின் வீடுகளுக்கும் அக்கா போய் வந்தார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. என்னை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

மறுவாரமே கட்டில்கள் வெளியே போயின. கால்களைக் கழற்றி, இரும்புச் சட்டங்களைக் கீரைப் பாத்திக்கு வேலியாகக் கட்டினோம். இன்றும் அவரைக்கொடி அதில்தான் படர்ந்திருக்கிறது. ஹாலில் கோரைப்பாய்கள் வந்தன. தரைக்கு வழவழப்பாக சிமெண்டு பூசினோம். அக்கா குட்டையான மணை ஒன்று செய்யச் சொல்லி, அதில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தார். கார்த்திகைக்குள் ஹாலில் இடம் இல்லை.

பிறகு அக்கா எதைச் செய்வதற்கு முன்னாலும் கேட்பார். எந்தக் கிழமை சந்தைக்கு இறங்குவீர்கள், மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குவீர்களா கூழில் விழுங்குவீர்களா என்றெல்லாம் கேட்பார். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண்ணுக்குப் பழகிக்கொடுத்து, ஒரு தகரப் பெட்டியில் மருந்து வைத்துக் கொடுத்தது அப்படிக் கேட்டதில் கிடைத்த யோசனைதான். பெட்டியில் எழுத்து கிடையாது. காய்ச்சலுக்குச் சிவப்பு மூடி, பேதிக்குப் பச்சை மூடி. பாயின் லாரி பெட்டிக்கு மருந்து கொண்டுவரும். முதல் பெட்டியை வாங்கிக்கொண்டவள் வெள்ளச்சி. அவளுடைய மகள் இப்போது சாமைக்காடு பள்ளியில் படிக்கிறாள். ஊசி என்றால் ஓடிவிடுவாள்.

சென்ற வருடத்துக்கு முந்தைய வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. அவருக்கே முதலில் தெரிந்திருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை. மலை ஏறக்கூடாது என்று மற்ற டாக்டர்கள் சொன்னபோது ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. ஆலங்காயம் வீட்டில் படுக்கையானார். மார்கழிக் குளிர். தரை சில்லென்று இருந்தது. நான் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கட்டிலைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டு அக்காவைப் படுக்க வைத்தேன். எனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் போட்டேன். குளிரைத் தவிர வேறு எதுவும் என் புத்தியில் இல்லை.

மறுநாள் மலையிலிருந்து இருபது பேர் வந்தார்கள். ஜன்னல் வழியாக அக்காவைக் கட்டிலில் பார்த்ததும் தெருவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழத் தொடங்கிவிட்டார்கள். தெரு ஜனம் கூடிவிட்டது. அக்கா கண்ணைத் திறந்து, என்ன சத்தம் என்று கேட்டார். நான் சொன்னேன். அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எறக்குடா என்னய. இன்னும் இருக்கேன்ல?"

இறக்கினோம். இரண்டு கம்பளி போட்டு அதன்மேல் பாய் விரித்தோம். உள்ளே வந்த குப்பம்மா, பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "பயமுறுத்திட்டியே தாயி" என்றார். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் அக்கா இருந்தார். அந்தப் பாயைச் சுற்றி ஆள் இல்லாத நேரமே இல்லை. சாமை, தேன், புளி என்று வீடு மலைச் சந்தை மாதிரி ஆகிவிட்டது. மண்டி பாய் வந்து, "லாரி இன்னும் உங்க பெட்டியத்தான் ஏத்தினு போவுது, காத்துக்கு எடம் இல்ல" என்றார். அக்கா, மேலே ஹாலில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று தினமும் கேட்பார். கோரைப்பாய் போதவில்லை என்று நான் சொன்ன அன்று நன்றாகத் தூங்கினார்.

இருபதாம் நாள் காலை, வெயில் ஏறும் நேரத்தில் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

சேதி எப்படிப் போனதோ தெரியவில்லை. சாயந்தரத்துக்குள் சடையனும் அவருடைய ஊராரும் பாயின் லாரியில் வந்து இறங்கி, நாலு கவைக்கம்புகளோடு வாசலில் நின்றார்கள். "அய்யா, உங்க வழக்கப்படி எல்லாம் செய்ங்க. அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் எங்க வழக்கத்துல வெச்சுக்கட்டுமா?" என்று சடையன் கேட்டார். உறவினர்களில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. நான் சரி என்றேன். நாலு பேர் முன்னால் நான் துணிந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

முற்றத்தில் கம்புகளை நட்டார்கள். பாடையை வைத்தார்கள். அக்காவைத் தூக்கியபோது குப்பம்மா தலையைத் தாங்கிக்கொண்டார். அவர் சத்தம் போட்டு அழவில்லை. குழந்தையிடம் சொல்வது மாதிரிச் சொன்னார்:

"இப்ப ஏறிக்கம்மா."

அக்காவின் நோயின்போது துணையிருந்த டாக்டர்களுக்கும், மூன்று மாதம் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், மண்டி பாய்க்கும், அவருடைய டிரைவர்களுக்கும், முற்றத்தில் கம்பு நட இடம் விட்ட எங்கள் தெருக்காரர்களுக்கும், தூளி சுமந்த எல்லாத் தோள்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். உங்களை அக்காவுக்குத் தெரியும்.

சாமைக்காடு ஆஸ்பத்திரி நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் ஒரு இளம் டாக்டரம்மா வருகிறார். ஜீப்பை இப்போதும் நான்தான் ஓட்டுகிறேன். இங்கே பூஜை முடிந்ததும் மேலே அந்த ஹாலில் சாப்பாடு. தெருமுனையில் லாரி நிற்கிறது, எல்லோரும் ஏறிக்கொள்ளுங்கள். அங்கே நாற்காலி தேட வேண்டாம். பாய் விரித்து வைத்திருக்கிறோம்.